உள்ளங்காலும் படத்துக்குள் வரட்டும்

தேயிலைக் கொழுந்து மலையில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவருக்கு இடுப்பும் காலும் வலிப்பதை இலங்கை மலையகத்தில் யாரும் நோயாக எடுப்பதில்லை. தைலம் தேய்ப்பார்கள், டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்குவார்கள், இரண்டு நாள் வேலைக்குப் பேர் போடாமல் படுத்திருந்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்குவார்கள். பெரும்பாலும் அது போதும். ஆனால் ஒரு வகை வலி இருக்கிறது. குந்தியிருந்தால் எழும்ப முடியாது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்படி ஏற முழங்காலில் கை ஊன்ற வேண்டும். நடந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். இருமினால் விலா குத்தும். ஒரு வருடத்துக்கு முன் அளவாக இருந்த சேலை இப்போது தரையில் இழுபடும், ஏனென்றால் ஆள் குட்டையாகிவிட்டார். இவை ஒன்றாகச் சேர்ந்தால் அது வாதம் அல்ல, எலும்பு மென்மையாகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

எலும்பு மென்மையாவதற்குக் காரணங்கள் பல. அதில் மிக அபூர்வமான ஒன்றைப் பற்றியது இந்தப் பதிவு: உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சிறிய கட்டியொன்று எலும்பை மென்மையாக்குவது. அபூர்வம்தான். ஆனால் கண்டுபிடித்து வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். கண்டுபிடிக்காவிட்டால் ஆள் படுக்கையில் விழுவார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டி செய்வது இதுதான். அது எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹோர்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்த ஹோர்மோன் சிறுநீரகத்திடம் இரண்டு வேலை வாங்குகிறது: பொஸ்பேட்டைத் திரும்ப உறிஞ்சாமல் சிறுநீரில் விடச் செய்கிறது, விட்டமின் டியைச் செயலுக்கு வரும் வடிவமாக மாற்றும் நொதியையும் அடக்கிவிடுகிறது. பொஸ்பேட் இல்லாமல் எலும்பில் கனிமம் படியாது. சட்டகம் இருக்கும், சீமெந்து இருக்காது. சாதாரண விட்டமின் டி மாத்திரை எத்தனை போட்டாலும் இவர்களுக்குப் பிடிக்காததன் காரணமும் இதுவே. அதை மாற்றிக்கொடுக்கும் இடமே பூட்டிக் கிடக்கிறது.

1959இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை வைத்தியர் பிராடர், பதினொன்றரை வயதுச் சிறுமி ஒருத்தியின் விலா எலும்பிலிருந்த கட்டியை எடுத்ததும் அவளுடைய எலும்பு நோய் ஆறியதைப் பதிவு செய்தார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலக்கிறது என்று அப்போதே ஊகித்தார்கள். அந்த ஏதோ ஒன்று எஃப்ஜிஎஃப்-23தான் என்று தெரிய 2001 ஆகிவிட்டது.

ஸ்கேனுக்குப் போகுமுன் இரத்தம். இந்த நோய் வருடக்கணக்கில் தவறிப்போவதற்கு முதல் காரணம் பொஸ்பேட்டை யாரும் கேட்பதில்லை என்பதுதான். கல்சியம் எடுப்பார்கள், சரியாக இருக்கும். வாதக் காரணிகளைப் பார்ப்பார்கள், ஒன்றும் இராது. அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதி மட்டும் உயர்ந்திருக்கும். பெயரில் பொஸ்பேட் இருப்பதால் அதைப் பார்த்துவிட்டு பொஸ்பேட்டும் பார்த்தாயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு. வளர்ந்தவருக்கு இரத்தப் பொஸ்பேட் லீற்றருக்கு ஏறக்குறைய 0.8 முதல் 1.45 மில்லிமோல் இருக்கவேண்டும். இந்த நோயில் 0.4, 0.5 என்று கிடக்கும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு சிக்கல். சிவப்பணுக்களுக்குள் பொஸ்பேட் நிறைய உண்டு. தூரத்து வைத்தியசாலையில் எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் வைத்து, மலைப்பாதை வளைவெல்லாம் வாகனத்தில் குலுங்கி நான்கைந்து மணித்தியாலம் கழித்துப் பெரிய வைத்தியசாலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், அணுக்கள் உடைந்து பொஸ்பேட் சீரத்தில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், கசியும். 0.5 இருந்தது 0.8 என்று வந்து, எல்லாம் சரி என்ற துண்டு கையில் கிடைக்கும். எடுத்த இடத்திலேயே சீரத்தைப் பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் ஆளையே ஆய்வகம் உள்ள இடத்துக்கு வெறும் வயிற்றில் அனுப்புவது மேல்.

பொஸ்பேட் குறைவு என்று உறுதியானதும், அது சிறுநீரில் போகிறதா, சாப்பாட்டில் சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். 24 மணித்தியாலச் சிறுநீர் சேர்க்கத் தேவையில்லை. லயத்தில் பொதுக் கழிவறையோடு அது நடக்கிற காரியமும் இல்லை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, வெறும் வயிற்றிலேயே இரண்டாவதைப் பிடித்து, அதே நேரத்தில் இரத்தமும் எடுத்தால் போதும். இரண்டிலும் பொஸ்பேட்டையும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கழிவான கிரியேட்டினினையும் அளக்க வேண்டும்.

கணக்கு இப்படி. இரத்தப் பொஸ்பேட் 0.45, இரத்தக் கிரியேட்டினின் 60 மைக்ரோமோல், சிறுநீர்ப் பொஸ்பேட் 12, சிறுநீர்க் கிரியேட்டினின் 6 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 60ஐ 0.06 மில்லிமோல் ஆக்க வேண்டும். இரத்தத்தை மைக்ரோமோலிலும் சிறுநீரை மில்லிமோலிலும் ஆய்வகம் தருவதால் இங்கேதான் கணக்கு புரளும். 12ஐ 0.06ஆல் பெருக்கினால் 0.72. 0.45ஐ 6ஆல் பெருக்கினால் 2.7. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.27. ஒன்றிலிருந்து கழித்தால் 0.73. வடிகட்டிய பொஸ்பேட்டில் 73 வீதத்தைத்தான் சிறுநீரகம் மீட்கிறது என்று பொருள். இந்த எண் 0.86 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இரத்தப் பொஸ்பேட்டால் பெருக்கினாலே சிறுநீரக எல்லை, அதாவது இரத்தப் பொஸ்பேட் எந்த அளவைத் தாண்டினால் சிறுநீரகம் வெளியே விடத் தொடங்கும் என்பது, கிடைத்துவிடும்: 0.33. சரியாக இருக்கவேண்டியது ஏறக்குறைய 0.8க்கு மேல். இரத்தத்தில் இவ்வளவு பஞ்சம் இருக்கும்போது ஆரோக்கியமான சிறுநீரகம் ஒரு துளியும் விடாது. இது வாரி இறைக்கிறது.

இறைக்கிறது என்றதும் கட்டியைத் தேடி ஓடக்கூடாது. ஹெப்பட்டைட்டிஸ் பி மருந்தான டெனோஃபோவிர் எடுப்பவருக்கு சிறுநீரகக் குழாயே பழுதாகி பொஸ்பேட் போகலாம். அப்போது சர்க்கரை நோய் இல்லாமலே சிறுநீரில் சர்க்கரையும் போகும். இரத்தசோகைக்கு நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்துகளில் ஃபெரிக் கார்பொக்ஸிமால்டோஸ் எஃப்ஜிஎஃப்-23ஐ ஏற்றிவிடும், நிறுத்தினால் சரியாகும். விட்டமின் டி குறைபாடு கடுமையாக இருந்தால் கழுத்திலுள்ள பரத்தைரொயிட் சுரப்பியின் ஹோர்மோன் எகிறி, அதுவும் பொஸ்பேட்டைத் தள்ளும். மூடுபனியிலும் மழையிலும் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இந்தக் குறைபாடு வருவதில் வியப்பில்லை. முதலில் அதை நிரப்பி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்தே கால் வளைந்து, தாய்க்கோ தகப்பனுக்கோ அதே வளைவு இருந்தால் அது பரம்பரை, தேடல் வேறு.

எஃப்ஜிஎஃப்-23ஐ அளக்க முடிந்தால் நல்லது, ஆனால் பொஸ்பேட் மருந்தும் அல்ஃபகல்சிடோலும் (சிறுநீரகத்தின் அந்த நொதி தேவைப்படாத விட்டமின் டி வகை) தொடங்குமுன் எடுக்கவேண்டும். அவை உள்ளே போனாலே இந்த எண் ஏறும். இன்னொன்று: பரிசோதனையில் இரண்டு வகை. முழு ஹோர்மோனை மட்டும் அளப்பது ஒன்று, உடைந்த துண்டையும் சேர்த்து அளப்பது மற்றது. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் உடைந்த துண்டுகள் குவிந்திருக்கும். தோட்டத்துப் பெண்களிடையே இரத்தசோகை சகஜம் என்பதால், இரண்டாவது வகை ரிப்போர்ட்டில் எண் உயர்ந்திருந்தால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. டெக்சா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்ததும் ஒஸ்டியோபொரோசிஸ் என எழுதி ஸோலெட்ரோனிக் அமில ஊசி போடுவது நடக்கிறது. மென்மையான எலும்புக்கு அது தவறான மருந்து. ஏற்கனவே குறைந்த பொஸ்பேட் இன்னும் இறங்கும். ஊசிக்கு முன் ஒரு பொஸ்பேட் எடுத்தாலே தப்பிக்கலாம்.

இனித் தேடல். கட்டி பெரும்பாலும் தீங்கற்றது, மெதுவாக வளர்வது, ஒரு சென்டிமீற்றர் அளவில்கூட இருக்கும். எலும்பிலும் இருக்கும், தசையிலும் இருக்கும், தோலுக்கு அடியிலும் இருக்கும். அதிகம் கிடைக்கும் இடங்கள் கால்களும், முகத்தின் காற்றறைகளும் தாடையும். எனவே முதல் ஸ்கேன் விரல்தான். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி உள்ளங்கால், குதி, விரலிடுக்கு, முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு என்று அழுத்திப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி ஈறையும் அண்ணத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கிறதா, இரத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். “பத்து வருஷமா இருக்கிற கொழுப்புக் கட்டிதானே டாக்டர்” என்று அவரே காட்டுவதுதான் சில நேரம் விடை.

கைக்குத் தட்டுப்படாவிட்டால் அணுமருத்துவம், அதாவது கதிர்வீசும் மருந்தை ஏற்றிப் படம் எடுப்பது. வழமையான எலும்பு ஸ்கேன், அதாவது டெக்னீசியம்-99எம் எம்டிபி, இங்கே கட்டியைக் காட்டாது. அது காட்டுவது விளைவை: விலாக்களில் வரிசையாகப் புள்ளிகள், தொடை எலும்புக் கழுத்தின் உட்பக்கம், இடுப்பு வளையம், பாத எலும்புகள். அந்தப் படத்தைப் பார்த்து “புற்றுநோய் எலும்பெல்லாம் பரவிவிட்டது” என்று முடிவு கட்டப்பட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. விலாவில் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்கியிருந்தால் அது முறிவு. பரவிய புற்று அப்படி ஒழுங்காக உட்காராது, விலாவின் நீளவாக்கில் படரும்.

கட்டியைக் காட்டுவது வேறொரு மருந்து. இந்தக் கட்டிகளின் மேற்பரப்பில் சோமடோஸ்டட்டின் என்ற ஹோர்மோன் ஒட்டும் ஏற்பிகள், குறிப்பாக இரண்டாம் வகை, நிறைந்திருக்கும். பொஸ்பேட்டுக்கும் அந்த ஏற்பிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நம் அதிர்ஷ்டம் அவ்வளவுதான். எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பெப்டைட்டில் கதிர்வீசும் காலியம்-68ஐக் கோர்த்து ஏற்றினால் அது போய் அங்கே ஒட்டிக்கொள்ளும். இதுதான் டொட்டாடேட் பெட் சீட்டி: மருந்து எங்கே சேர்ந்தது என்று பெட் காட்டும், அது உடம்பில் எந்த இடம் என்று சீட்டி காட்டும். டொட்டாடொக், டொட்டானொக் என்ற தம்பிமாரும் உண்டு, யார் கிடைத்தாலும் சரி.

காலியம்-68இன் அரைவாழ்வு 68 நிமிடம். இதை எங்கிருந்தும் கொண்டுவந்து வைக்க முடியாது, பெட் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே, காலியமாக மாறிக்கொண்டிருக்கும் ஜெர்மானியம் அடைத்த ஜெனரேட்டரில் கறக்க வேண்டும். அந்த ஜெர்மானியம் 271 நாளில் பாதியாகும், ஆகவே ஜெனரேட்டர் பழையதானால் கறப்பதும் குறையும். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் பெட் இயந்திரம் இருக்கிறது. ஆனால் எங்கேயானாலும் பெட் இருப்பது வேறு, காலியம் இருப்பது வேறு. வழமையாகப் புற்றுநோய்க்கு ஏற்றுவது எஃப்டிஜி என்ற சர்க்கரை மருந்து. அது இந்தக் கட்டியிலும் சில நேரம் ஒளிரும், ஆனால் ஆறும் முறிவுகளும் தசையும் சேர்ந்து ஒளிர்ந்து குழப்பும். எனவே திகதி எடுக்குமுன் தொலைபேசியில் “பெட் இருக்கா” என்று கேட்காதீர்கள். “டொட்டாடேட் இருக்கா, எந்தக் கிழமை செய்றீங்க” என்று கேளுங்கள். இல்லை என்றால் சென்னை, வேலூர் பக்கம் போகிறவர்களும் உண்டு. அதற்குமுன் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி: வழமையான எலும்பு ஸ்கேன் எடுக்கும் காமா கமெராவில் டெக்னீசியம் ஹைனிக்-டொக் என்ற மருந்தால் படம் எடுக்க முடியுமா? அதே ஏற்பியைத்தான் தேடுகிறது, செலவு குறைவு, பேராதனை போன்ற அணுமருத்துவப் பிரிவுகளில் இருக்கும் வகைக் கமெராவே போதும். படத்தின் கூர்மை பெட்டை விடக் குறைவு, ஒரு சென்டிமீற்றருக்குக் கீழ்ப்பட்டதைத் தவறவிடலாம். ஆனால் அதில் கண்டுவிட்டால் கடல் கடக்கத் தேவையில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். புற்றுநோய்க்காரருக்கு எடுக்கும் வழமையான பெட் படம் மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரைதான். இயந்திரத்தின் நேரமும் அப்படியே ஒதுக்கப்பட்டிருக்கும். வேண்டுகோள் படிவத்தில் “முழு உடல்” என்று எழுதினால்கூட பலருக்கு அந்த நீளம்தான் நினைவில் வரும். நம் கட்டியோ முழங்காலிலும் பாதத்திலும் உட்கார்ந்திருக்கும். “ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்ற ரிப்போர்ட்டோடு வருகிறவரின் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் பாதமே படத்தில் இராது. ஆகவே படிவத்தில் இப்படி எழுத வேண்டும்: “உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, இரு கைகளும் விரல் நுனிவரை உட்பட. எலும்பு மென்மையாக்கும் கட்டி தேடப்படுகிறது.” இரண்டாவது வாக்கியம் அலங்காரமல்ல. படம் வாசிக்கும் வைத்தியருக்கு அது தெரியாவிட்டால் குதியில் இருக்கும் ஒரு மங்கல் புள்ளியைத் தேய்மானம் என்று தாண்டிப் போவார்.

நீளம் கூடினால் வேலையும் கூடும். பல இயந்திரங்களில் மேசை ஒரே ஓட்டத்தில் கால்வரை போகாது. தலை முன்னாக ஒரு தடவை எடுத்து, ஆளைத் திருப்பிக் கால் முன்னாக இன்னொரு தடவை எடுக்க வேண்டும். விலா முறிந்தவரை அந்த மேசையில் திருப்புவது லேசான காரியமில்லை. வலி மருந்தை முக்கால் மணித்தியாலம் முன்பே கொடுத்துவிட வேண்டும், முழங்காலுக்கு அடியில் தலையணை, இரண்டு பாதத்தையும் சேர்த்து ஒரு பட்டி. பாதத்தில் கட்டி நெல்லிக்காய் அளவுதான். பெட்டுக்கும் சீட்டிக்கும் இடையில் கால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் வெளிச்சம் ஓர் எலும்பில் விழும், கட்டி பக்கத்து எலும்பில் இருக்கும். கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்கள் அதிகம். பக்கத்தில் வைத்தால் வண்ணப் படத்தின் ஓரத்தில் முழங்கை வெட்டுப்படுகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோயாளி செய்யவேண்டியது குறைவு. டொட்டாடேட்டுக்குப் பட்டினி அவசியமில்லை, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அதே ஏற்பியில் ஒட்டும் ஒக்ட்ரியோடைட் ஊசி போடுகிறவராக இருந்தால் சொல்ல வேண்டும்: குறுகிய வகையை ஒரு நாள் முன்பே நிறுத்துவார்கள், மாத ஊசியானால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னதாகத் திகதி வைப்பார்கள். பதுளையிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வருகிறவர் முதல் நாளே வந்து தங்க வேண்டும். மண்சரிவில் பாதை மூடி இரண்டேகால் மணித்தியாலம் பிந்தினால், உங்களுக்கென்று கறந்த மருந்தில் கால்வாசிதான் மிஞ்சும். ஏற்றும் அளவு வழமையாக 100 முதல் 200 மெகாபெக்கரல் (கதிர்வீச்சின் அலகு), ஏற்றி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கழித்துப் படம். கர்ப்பம் இருந்தாலும், பால் கொடுத்தாலும் ஏற்றுமுன் வாய் திறந்து சொல்ல வேண்டும். கதிர் வீட்டுக்கு வந்து ஒட்டுமோ என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: 11 மணித்தியாலம் 20 நிமிடத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அன்று பின்னேரம் மட்டும் கைக்குழந்தையை மடியில் வைக்காமல் இருந்தால் சரி.

படத்தில் என்ன தெரியும்? மருந்து அதிகம் சேர்ந்த இடம் கறுப்பாக விழும். மண்ணீரலும் சிறுநீரகங்களும் கரிக்கட்டைபோல் கறுத்திருக்கும். ஈரல் அதைவிடச் சாம்பல். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி ஒரு கடுகு. அடிவயிற்றில் சிறுநீர்ப்பை. அட்ரீனல், உமிழ்நீர்ச் சுரப்பி, குடல் ஆகியவையும் கொஞ்சம் பிடிக்கும். இவை எல்லாருக்கும் இருப்பவை. மிஞ்சியது எதுவானாலும் விசாரிக்க வேண்டும். ஆறும் முறிவு, தேய்ந்த மூட்டு, முள்ளெலும்பிலுள்ள இரத்தக்குழாய் முடிச்சு எல்லாம் லேசாகப் பிடிக்கும். கட்டி பொதுவாக அவற்றைவிட அழுத்தமாகப் பிடிக்கும். இரண்டு பொய்ப் புள்ளிகளை மறக்கக்கூடாது. ஊசி நரம்பை விட்டு வெளியே கசிந்தால் முழங்கையும் அதே பக்கக் கக்கமும் ஒளிரும், எனவே எந்தக் கையில் ஏற்றினார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். அடுத்தது சிறுநீர். பாவாடையில் ஒரு சொட்டுப் பட்டிருந்தால் தொடையில் அழகான கட்டி தெரியும். உடையை மாற்றி, தோலைக் கழுவித் திரும்ப எடுத்தால் காணாமல் போகும்.

புள்ளி கிடைத்ததும் அந்த இடத்துக்கு மட்டும் எம்ஆர்ஐ. முழு உடம்புக்கும் எம்ஆர்ஐயை முதலில் எடுத்துத் தேடுவது வைக்கோல் போரில் பொழுதைக் கழிப்பது. இரண்டு மூன்று சந்தேக இடங்கள் இருந்து எது என்று தெரியாவிட்டால் மட்டும், ஒவ்வொரு இடத்து நரம்பிலிருந்தும் இரத்தம் எடுத்து எஃப்ஜிஎஃப்-23 எங்கே எகிறுகிறது என்று பார்ப்பார்கள். ஊசியால் குத்திப் பார்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது, பாதையில் கட்டிச் செல்கள் சிந்தக்கூடும்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் பொஸ்பேட்டும் அல்ஃபகல்சிடோலும் கொடுத்துக்கொண்டே ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பத் தேட வேண்டும். பொஸ்பேட் உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 60 மில்லிகிராம், 50 கிலோக்காரருக்கு 750 முதல் 3000 வரை. ஒரேயடியாகக் குடித்தால் வயிற்றால் போகும், ஏறிய பொஸ்பேட்டும் சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். எனவே நாலைந்து வேளையாகப் பிரித்து, போத்தலை மலைக்கும் எடுத்துப்போக வேண்டும். கல்சியம் மாத்திரையோடோ பால் தேத்தண்ணீரோடோ சேர்த்தால் குடலிலேயே கட்டிப்பட்டு வீணாகும், பிளேன்டீயோடு குடிக்கலாம். கல்சியமும் பரத்தைரொயிட்டும் சில மாதத்துக்கு ஒருமுறை, சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிகிறதா என்று ஸ்கேன். 2020இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற புரோசுமாப் ஊசி எஃப்ஜிஎஃப்-23ஐயே மடக்கும், ஆனால் விலை நம் ஊர்க் கணக்குக்குள் வராது.

கிடைத்தால் சத்திரசிகிச்சை. கட்டியைச் சுற்றி நல்ல சதை ஓரத்தோடு வெட்ட வேண்டும். எலும்புக்குள் இருப்பதைச் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும். அன்றிலிருந்து பொஸ்பேட் மருந்தை நிறுத்திவிட்டுத் தினமும் இரத்தப் பொஸ்பேட் பார்க்க வேண்டும். எஃப்ஜிஎஃப்-23 சில மணித்தியாலத்தில் விழும், பொஸ்பேட் பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானாக ஏறும். ஏறாவிட்டால் மிச்சம் இருக்கிறது. தசைக்குப் பலம் சில வாரத்தில் வரும், எலும்பு வலி போக மாதங்கள் ஆகும். அல்கலைன் பொஸ்பட்டேஸ் முதலில் இன்னும் உயர்ந்துவிட்டுத்தான் இறங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குணமானவர் ஸ்கேன் டிஸ்க்கையும் சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கிளினிக் கொப்பியோடு பொலித்தீன் பையில் சுற்றிக் கூரை ஒழுகாத இடத்தில் வைக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் பொஸ்பேட் எடுக்கட்டும். கட்டி பல வருடம் கழித்தும் அதே இடத்தில் முளைப்பதுண்டு. அப்போது வலிக்கு முன் எண் இறங்கும்.